மரப்பெரணியின் குருத்து கருகுகிறதா? உச்சியை வெட்டாதீர்கள், தண்டை நனையுங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. பினாங்கு ஆயர் ஈத்தாமில் தரைவீட்டில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன் கேமரன் மலைக்குப் போனபோது ஒரு நர்சரியில் நாலடி உயர மரப்பெரணி வாங்கி வந்தேன். வாசலில், மேற்குப் பார்த்த சுவரோரம் நட்டிருக்கிறேன். முதலில் மூன்று மட்டைகள் அழகாக விரிந்தன. இப்போது ஓரமெல்லாம் பழுப்பாகிக் காய்கிறது. புதுக் குருத்து சுருள் அவிழாமலே கருகி நின்றுவிடுகிறது. காலை மாலை இரண்டு வேளையும் அடியில் தண்ணீர் ஊற்றுகிறேன், கோழி எருவும் போட்டேன். இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் பூச்சிமருந்து அடிக்கச் சொல்கிறார். உச்சியை வெட்டினால் பக்கத்தில் தழைக்கும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

பதில்: வணக்கம் அம்மா. முதலில் அந்த வெட்டுகிற பேச்சை விட்டுவிடுங்கள். மரப்பெரணிக்கு வளரும் முனை உச்சியில் ஒன்றே ஒன்றுதான். தென்னையின் குருத்தை வெட்டினால் தென்னை என்ன ஆகுமோ அதேதான் இதற்கும். செம்பருத்தி மாதிரி பக்கக் கிளை வரும் என்று எதிர்பார்த்து வெட்டியவர்கள் மொத்தச் செடியையும் இழந்திருக்கிறார்கள். இப்போது உச்சியை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, காப்பாற்றலாம். கொழகொழவென்று அழுகல் வாடை வந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சரி, குருத்து ஏன் கருகுகிறது? நீங்கள் தண்ணீர் குறைவாக ஊற்றவில்லை, ஊற்றுகிற இடம்தான் போதவில்லை. மரப்பெரணியின் தண்டு வேப்பமரம், மாமரம் போல வைரம் பாய்ந்த கட்டை இல்லை. நடுவில் மெல்லிய தண்டு, அதைச் சுற்றிக் கருப்பாக அடை அடையாக வேர்கள். மேலே கிளம்பும் வேர்கள் தண்டை ஒட்டியே கீழே இறங்கி, அடிப்பக்கத்தில் தடித்த கம்பளமாகச் சேர்கின்றன. காட்டில் மழையும் பனிமூட்டமும் அந்த வேர்களை நனைத்துக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் தரை மட்டும் நனைகிறது, தண்டு வெயிலில் காய்ந்து கிடக்கிறது. தண்டைச் சுற்றிய வேர்கள் காய்ந்தால், மென்மையான குருத்துதான் முதலில் அடிபடும்.

இன்றிலிருந்தே உச்சியிலிருந்து தண்டு வழியாகத் தண்ணீர் வழிய விடுங்கள். ஒரே வீச்சில் கொட்டினால் ஓடிப்போய்விடும். பழைய எண்ணெய்ப் புட்டியின் அடியில் ஊசித் துளை போட்டு உச்சிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டால் சொட்டுச் சொட்டாக இறங்கும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை போதும். தண்டின் அடிப்பாகத்தைச் சுற்றி ஈரமான தேங்காய் நாரை வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள், ஆனால் உச்சியை மூடிவிடாதீர்கள். தைப்பூசத்தையொட்டி நம் பக்கம் மழை குறைந்து வெயில் ஏறும் வாரங்களில் இந்த நார் பெரிய உதவி. செப்டம்பர், அக்டோபர் மழையில் அவிழ்த்துவிடலாம்.

அடுத்தது இடம். மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலில் சூடேறி, இரவிலும் அந்தச் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கூடவே சிமெண்டுத் தரையின் சூடு. வாடிய செடியை இப்போதே பிடுங்கி இடம் மாற்றினால் வேர் இன்னும் அறுபடும், அதனால் அவசரப்பட வேண்டாம். 50 விழுக்காடு நிழல்வலையை மேற்குப் பக்கம் கட்டுங்கள். அந்தப் பக்கமே நாலைந்து வாழைக்கன்று வைத்தால் சில மாதத்தில் நிழலும் கிடைக்கும், காற்றில் ஈரமும் நிற்கும். என்னைக் கேட்டால் வலையைவிட வாழைதான் நல்லது.

கோழி எருவை வாரி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கரையுங்கள். மக்காத கோழி எரு பெரணி வேரைச் சுட்டுவிடும். இரண்டு புது மட்டைகள் முழுதாக விரிகிற வரை எந்த உரமும் வேண்டாம். அப்புறம் மக்கிய இலைக்குப்பை, மாதம் ஒருமுறை பாதி அளவுக்குக் கரைத்த மீன் உரம், அவ்வளவே போதும். பச்சையாக இருக்கும் மட்டையையும் நறுக்காதீர்கள், பாதி பழுத்திருந்தாலும் மீதிப் பாதி செடிக்குச் சோறு ஆக்குகிறது.

பூச்சிமருந்தும் வேண்டாம். நரம்பின் இரு பக்கமும் ஒழுங்கு வரிசையில் உருண்டையாக இருக்கும் புள்ளிகள் பூச்சி இல்லை. பெரணி இனம் பெருகுவதற்கான வித்துத்தூள் அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. செதில்பூச்சி என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காம்பிலும் ஒட்டியிருக்கும், நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், பிசுபிசுப்பு இருக்கும், எறும்பும் ஏறும். அப்படி இருந்தாலும் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். எண்ணெய் கலந்த மருந்து பெரணி இலையைக் கருக்கிவிடும்.

இனி, எனக்குக் கவலையாக உள்ள ஒரு விஷயம். வாங்கும்போது அடியில் வேர்க்கட்டும் மண்ணும் இருந்ததா, அல்லது அறுத்த தண்டாகத் தந்தார்களா? ஆஸ்திரேலியாவின் டிக்சோனியா அன்டார்க்டிக்காவை அறுத்த தண்டாகவே நட்டாலும் வேர் விடும். இணையத்தில் அதைப் படித்துவிட்டுப் பலரும் எல்லா மரப்பெரணியும் அப்படித்தான் என்று நினைக்கிறார்கள். நம் மலைகளில் உள்ளவை பெரும்பாலும் சையத்தியா இனம். அதன் அறுத்த தண்டு, உள்ளே சேர்த்து வைத்த சத்தில் இரண்டு மூன்று மட்டை விட்டுவிட்டு அப்படியே ஓய்ந்துவிடுவது வழக்கம். உங்கள் செடியும் மூன்று மட்டையோடு நின்றதால்தான் கேட்கிறேன். அடி மண்ணை ஒரு ஓரமாக விரலால் விலக்கி, வெளிர் நுனியோடு புது வேர் தெரிகிறதா என்று பாருங்கள்.

மட்டைக் காம்பில் கூரிய முள்ளும் வெளிர்நீல மாவுப் பூச்சும் இருந்தால் அது சையத்தியா கன்டமினான்ஸ், கேமரன் மலைச் சாலையோரம் குடை விரித்து நிற்கும் அதே பெரணி. கையுறை இல்லாமல் பிடிக்காதீர்கள். 1,400 மீட்டர் உயரக் குளிரில் வளர்ந்த செடிக்கு ஆயர் ஈத்தாமின் 32 டிகிரி பகல் சுமைதான். பிழைத்தாலும் மலையில் இருந்த மினுமினுப்பு வராது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்னொன்று வாங்குவதாக இருந்தால் சையத்தியா லேட்டபுரோசா கேளுங்கள். தீபகற்ப மலேசியாவின் தாழ்நிலத்திலும் குன்றோரங்களிலும் தானாகவே வளர்வது, நம் வெயிலுக்குப் பழகியது. உயரம் வேண்டாம் என்றால் சிபோட்டியம் பாரோமெட்ஸ் இருக்கிறது. தண்டு தரையோடு படுத்திருக்கும், பொன்னிற ரோமம் அடர்ந்திருக்கும், மட்டை மட்டும் ஆளுயரத்துக்கு எழும். இரண்டையும் நர்சரியில் தொட்டியில் வளர்ந்த கன்றாகவே வாங்குங்கள். ஓரடிக் கன்று நாலடித் தண்டைவிடச் சீக்கிரம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பினாங்கின் கொடிமலைச் சரிவில் நிறைய நிற்கிறதே என்று அங்கிருந்து தோண்டி வராதீர்கள். கொடிமலை 2021 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். சையத்தியா இனம் முழுவதும், அரிய செடி, விலங்குகளின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. காட்டில் ஆளுயரத் தண்டு எழும்பப் பல ஆண்டுகள் ஆகும், அதைத் தோண்டி வந்து வீட்டு வெயிலில் சாகவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

அடி மண்ணில் வேர் தெரிந்ததா, உச்சி கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள் அம்மா. வேர் இருந்தால், மழை நன்றாகப் பிடித்த பிறகு கிழக்குப் பக்க நிழலுக்கு எப்படி மாற்றுவது என்று சொல்கிறேன்.