ஆடாதோடை காசநோய்க் கிருமியைக் கொல்லுமா? ஆய்வகத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்?

‘ஆடாதோடை காசநோய்க் கிருமியைக் கொல்வதாக ஆய்வு சொல்கிறது’ என்ற செய்தியை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அந்தச் சோதனை நடக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, நீரிலும் எத்தனாலிலும் ஹெக்சேன் என்ற கரைப்பானிலும் தனித்தனியே ஊறவைத்து வடித்த சாறுகளை, 96 குழிகள் கொண்ட தட்டில் குழிக்குக் குழி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எச்37ஆர்வி என்னும் ஆய்வகக் கிருமி வகையைச் சேர்த்து, 37 பாகை செல்சியசில் ஏறக்குறைய ஒரு வாரம் வைக்கிறார்கள். பிறகு ரெசசூரின் என்ற நீலச் சாயத்தை விடுகிறார்கள். கிருமி வளர்ந்திருந்தால் குழி இளஞ்சிவப்பாகும்; வளர்ச்சி தடைபட்டிருந்தால் நீலமாகவே நிற்கும். கிருமி செத்ததா, வெறுமனே முடங்கிக் கிடக்கிறதா என்பதை இந்த நிறம் சொல்லாது. அதை அறிய, சாறு கலக்காத வளர்ப்பு ஊடகத்தில் கிருமியை மீண்டும் வளர்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல ஆய்வகங்கள் பாதுகாப்புக் கருதி, வேகமாகப் பெருகும் ஸ்மெக்மேட்டிஸ் என்ற உறவுக் கிருமியைப் பயன்படுத்துவதும் உண்டு. செய்தித்தாள்கள் இதைக் குறிப்பிடாமல் விட்டுவிடலாம்.

மருந்தெதிர்ப்புப் பெறாத சாதாரணக் காசநோய்க் கிருமியை, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைந்த அளவிலேயே தடுத்துவிடும் நிலையில், 100 மைக்ரோகிராம் தேவைப்படும் சாற்றை மருந்து என்று கொண்டாடுவது அவசரம் என்றே கருதுகிறேன். அந்த அளவு மனித உயிரணுக்களையும் கெடுக்கிறதா என்று தனியே பார்த்தாக வேண்டும்.

ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளை ஒட்டி உருவாக்கப்பட்ட புரோம்ஹெக்சினும் அம்புராக்சாலும் இக்கிருமியைத் தடுப்பதாக 1996இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவை இன்றும் சளி மருந்துகளாகவே விற்கப்படுகின்றன.