அக்செப்ட்டா, அப்வர்டா, டிக்லைனா? பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க ஆச்சி

ஆச்சி, நீங்க அனுப்புன ரெண்டு போட்டோவையும் பாத்தேன், ஒண்ணு தம்பியோட அலாட்மென்ட் ஸ்கிரீன், இன்னொண்ணு ஒரு தனியார் காலேஜ் நோட்டீஸ். தம்பிக்கு டிஎன்இஏ-ல, அதாவது தமிழ்நாடு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல, நம்ம காரைக்குடி அழகப்பா செட்டியார் அரசு இன்ஜினியரிங் காலேஜ்ல சிவில் வந்திருக்கு, ரொம்ப சந்தோஷம். ஆனா சீட்டு கிடைச்சிருச்சுன்னு தேவகோட்டை வரைக்கும் எல்லாருக்கும் சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பயம். ஸ்கிரீன்ல இருக்குறது டென்டேட்டிவ் அலாட்மென்ட். அப்படின்னா இந்த ரவுண்டுல உங்க மார்க்குக்கு இது வருது, வேணுமா வேண்டாமான்னு கேக்குறாங்க, அவ்வளவுதான். நீங்க பதில் சொன்னப்புறம் வர்றதுதான் புரொவிஷனல் அலாட்மென்ட், அதை எடுத்துக்கிட்டு சொன்ன தேதிக்குள்ள போய் சேந்தாதான் அது தம்பியோட சீட்டு. ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு பேசாம இருந்துட்டா கைக்கு வந்தது போயிரும்.

இப்ப அந்த பட்டனுங்க. அக்செப்ட் அண்ட் ஜாயின்னா இதுவே போதும், சேந்துக்கிறேன், முடிஞ்சது. அக்செப்ட் அண்ட் அப்வர்ட்னா இதை வச்சுக்கிறேன், மேல காலியானா அங்க மாத்திருங்க. டிக்லைன் அண்ட் அப்வர்ட்னா இது வேண்டாம், மேல கிடைச்சா மட்டும் குடுங்க. அடுத்த ரவுண்டுக்குப் போறேங்கிறதுக்கு ஒண்ணு, கவுன்சிலிங்கே வேண்டாம்னு வெளிய போறதுக்கு க்விட்னு ஒண்ணு, இந்த ரெண்டும் உங்களுக்கு இப்ப தேவையில்ல.

நீங்க அக்செப்ட் அண்ட் அப்வர்ட் குடுக்கலாம்னு சொல்றீங்க, "அப்வர்ட்னா இதைவிட நல்ல காலேஜ்தானே"ன்னு கேக்குறீங்க. இல்ல ஆச்சி, நிறைய பேர் தடுக்கி விழுற இடம் இதுதான். அப்வர்ட்னா தம்பி போட்ட சாய்ஸ் லிஸ்ட்ல, அதாவது எது முதல்ல வேணும்னு வரிசையா குறிச்சுக் குடுத்த காலேஜ், பிராஞ்சு லிஸ்ட்ல, மேல இருக்குறது, அவ்வளவுதான் அர்த்தம், அது நல்லதா கெட்டதான்னு கம்ப்யூட்டர் பாக்காது. லிஸ்ட்ல இந்த காலேஜ் ஆறாவதா இருக்கு, அதுக்கு மேல அஞ்சாவதா கோயம்புத்தூர் பக்கம் ஒரு செல்ஃப் ஃபைனான்சிங், அதாவது தனியார், காலேஜ்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டு வச்சிருக்கான், ஃப்ரெண்டு சொன்னான்னு போட்டதா இருக்கும். அங்க ஒரு சீட்டு காலியாச்சுன்னா தம்பி தானா அங்க போயிருவான், 1952-ல ஆரம்பிச்ச அரசு காலேஜ், வீட்டுல இருந்து பஸ்ல போய் வர்ற தூரம், அந்த சீட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிரும், திரும்ப குடுங்கன்னு கேட்டா கிடைக்காது. அதனால மேல இருக்குற அஞ்சையும் ஒவ்வொண்ணா வாசிங்க, அஞ்சுமே இதைவிட வேணும்னு தம்பி மனசார சொன்னா மட்டும் அப்வர்ட். ஒண்ணு இடறினாலும் ஜாயின்தான், என் அபிப்பிராயம் அதுதான். 2018-க்கு முன்னாடி அண்ணா யூனிவர்சிட்டிக்கே நேர்ல போய் உக்காந்து சீட்டு எடுப்பாங்க, சந்தேகம்னா அங்கயே ஒருத்தரைக் கேக்கலாம், இப்ப வீட்டுல உக்காந்து ஒரு பட்டன்ல முடிஞ்சிருது, அதான் இவ்வளவு சொல்றேன்.

ரெண்டாவது போட்டோ, அந்த தனியார் காலேஜ் நோட்டீஸ். அப்ரூவ்டு, அஃபிலியேட்டடு, அக்ரெடிட்டடுன்னு மூணையும் கொட்டை எழுத்துல போட்டிருக்காங்க, மூணும் ஒரே சர்டிஃபிகேட் மாதிரி தெரியும். ஏஐசிடிஇ-ங்கிறது மத்திய அரசோட தொழில்நுட்பக் கல்வி கவுன்சில், அவங்க அப்ரூவ்டுன்னா காலேஜ் நடத்த அனுமதி இருக்கு, அது இல்லாத இன்ஜினியரிங் காலேஜ் பக்கமே போகக்கூடாது, ஆனா அது தரத்துக்கு மார்க் இல்ல. அஃபிலியேட்டடுன்னா டிகிரி குடுக்கப் போறது அண்ணா யூனிவர்சிட்டி. அக்ரெடிட்டடுதான் தரத்தைப் பாத்து குடுக்குறது, அதைக் குடுக்குற அமைப்புங்கள்லயும் நாக் வேற என்பிஏ வேற. நாக் மொத்த காலேஜையும் பாத்து குடுக்கும், என்பிஏ ஒவ்வொரு பிராஞ்சையும் தனியா பாக்கும், மெக்கானிக்கலுக்கு வாங்குனதை காட்டி புதுசா ஆரம்பிச்ச பிராஞ்சுக்கு ஆள் சேப்பாங்க, அதனால தம்பி சேரப்போற பிராஞ்சுக்கு இருக்கான்னு கேளுங்க. அட்டானமஸ்னா சிலபஸ், பரீட்சை காலேஜே பாத்துக்கும், டிகிரி யூனிவர்சிட்டிதான் குடுக்கும். டீம்டு யூனிவர்சிட்டின்னா டிகிரியும் அவங்களே, அந்த சீட்டெல்லாம் இந்த கவுன்சிலிங்ல வராது.

அதே நோட்டீஸ்ல கீழ "100 சதவீதம் பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்". அசிஸ்டன்ஸ்னா ஒத்தாசை, கம்பெனியை வரச் சொல்லுவோம், ட்ரெயினிங் குடுப்போம்னு அர்த்தம், வேலை வாங்கித் தருவோம்னு அந்த வரியில எங்கயும் இல்ல. கல்யாண முறைச்சிட்டைய, அந்த சீர் லிஸ்டை, ஒரு வரி விடாம சரிபாக்குற மாதிரி இதையும் பாருங்க. ஹையஸ்ட் பேக்கேஜ்னு போட்டிருக்கிறது ஒரே ஒரு பையன் வாங்குனதா இருக்கலாம், மீடியன் சம்பளம் எவ்வளவுன்னு கேளுங்க, அதாவது வரிசையா நிறுத்துனா நடுவுல நிக்கிற பிள்ளையோட சம்பளம். என்ஐஆர்எஃப்-க்கு, அதாவது மத்திய அரசோட காலேஜ் ரேங்கிங்குக்கு, டேட்டா குடுக்குற காலேஜா இருந்தா அந்த எண்ணு அதுல இருக்கும், காலேஜ் வெப்சைட்லயே தேடலாம். அப்புறம் சிடிசி-ன்னு சொல்ற தொகை, அதாவது கம்பெனி ஒரு ஆளுக்கு ஆகுற மொத்த செலவுன்னு காட்டுறது, அப்படியே கைக்கு வராது, பிஎஃப், கிராஜுவிட்டின்னு எல்லாம் சேத்த கணக்கு அது.

ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகை, அதாவது வீட்டுல முதல்ல டிகிரி படிக்கிற பிள்ளைக்குக் குடுக்குற ஃபீஸ் சலுகை, அதைப் பத்தி கேட்டீங்க. தம்பியோட அக்கா அழகப்பா யூனிவர்சிட்டியில தபால்ல பி.காம் முடிச்சிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. காலேஜுக்குப் போய் படிச்சாலும் வீட்டுல இருந்து படிச்சாலும் டிகிரி டிகிரிதான், அப்ப அக்காதான் முதல் பட்டதாரி, தம்பிக்கு வராது. தெரியாம டிக்ளரேஷன்ல கையெழுத்து போட்டுறாதீங்க, பின்னாடி வம்பு. தவிர அந்த சலுகை டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான், ஹாஸ்டல், பஸ்ஸுக்கெல்லாம் கிடையாது, கவுன்சிலிங் இல்லாம காலேஜ்ல நேரா மேனேஜ்மென்ட் கோட்டால சேந்தவங்களுக்கும் கிடையாது, உங்களுக்கு அந்த தனியார் காலேஜ் ஏஜென்ட் வேற மாதிரி சொல்லியிருந்தா நம்பாதீங்க.

இன்னிக்கு சாயங்காலம் தம்பிய கூட உக்கார வச்சு அந்த சாய்ஸ் லிஸ்டை வாசிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கன்ஃபர்ம் பண்றதை கடைசி நாள் ராத்திரி வரைக்கும் தள்ளாதீங்க, பிரவுசிங் சென்டர்ல பண்ணாலும் தம்பியே பக்கத்துல உக்காந்து பாத்து அமுக்கணும், பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டு வந்துறாதீங்க. அமுக்குனதும் வர்ற பக்கத்தை பிரிண்ட் எடுத்து எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க.