கோடு போட்டால் பாதை ஆகிவிடுமா? சைக்கிள் பற்றி வாசகர் கேள்விகள்

சைக்கிள் பாதை பற்றியும் ஊர் கூடிச் சைக்கிள் ஓட்டுவது பற்றியும் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஆதங்கம்தான்: ஓட்ட ஆசை, ஆனால் சாலையைப் பார்த்தால் பயம். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதியின் பெரிய சாலையில் ஓரமாக வெள்ளைக்கோடு போட்டு, சைக்கிள் படம் வரைந்து, இதுதான் சைக்கிள் பாதை என்றார்கள். ஒரு வருடமாகியும் ஆளே இல்லை. 'பார்த்தீர்களா, யாரும் ஓட்டுவதில்லை, எதற்கு இன்னொரு பாதை?' என்று இப்போது எங்களையே கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

அந்தக் கோட்டுக்குள் உங்கள் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்புவீர்களா என்று கேட்டவரையே திருப்பிக் கேளுங்கள். மாட்டேன் என்றுதான் சொல்வார். ஆள் இல்லாததற்குக் காரணம் அந்த பதிலிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் போர்ட்லண்ட் நகராட்சியின் சைக்கிள் ஒருங்கிணைப்பாளர் ராஜர் கெல்லர் 2006-ல் தன் ஊர் மக்களை நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தார். எந்தச் சாலையானாலும் அஞ்சாமல் இறங்குபவர்கள் 1 சதவீதத்துக்கும் கீழே. ஓரளவு வசதி இருந்தால் தைரியமாக ஓட்டுபவர்கள் 7 சதவீதம். என்ன செய்தாலும் சைக்கிள் வேண்டாம் என்பவர்கள் மூன்றில் ஒரு பங்கு. மிச்சமுள்ள 60 சதவீதத்துக்கு ஆசையும் இருக்கிறது, பயமும் இருக்கிறது. இது அவர் அனுபவத்தில் சொன்ன கணிப்புதான், ஆனால் பின்னால் எடுத்த கருத்துக்கணிப்புகளும் இதை ஒட்டியே வந்தன. வெள்ளைக்கோடு முதல் இரண்டு வகையும் சேர்ந்த அந்த 8 சதவீதத்துக்குத்தான் உதவும். நமக்கு வேண்டியது அந்த அறுபது பேர்.

அவர்கள் வரவேண்டுமென்றால் வண்டிகளுக்கும் சைக்கிளுக்கும் நடுவே கையால் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்க வேண்டும், ஒரு சிறு திட்டோ தூணோ செடித்தொட்டியோ. வெறும் கோட்டின் மேல் கார் வந்து நிற்கும், நின்ற காரின் கதவு சட்டென்று திறந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீளும், அதாவது உங்கள் பாதையின் பெரும்பகுதியை அந்தக் கதவே எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. பாதை ஓரிடத்தில் ஆரம்பித்து எங்கும் போய்ச் சேராமல் நின்றுவிட்டால் அதில் யாரும் ஏறப்போவதில்லை. ஸ்பெயினில் செவில் நகரம் இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. 2006 வாக்கில் வேலையை ஆரம்பித்து, துண்டு துண்டாக இழுக்காமல் ஒன்றோடொன்று இணைந்த வலையாக, கார் நிறுத்திய இடங்களிலிருந்தே பெரும்பாலும் இடத்தை எடுத்து, 2010-க்குள் சுமார் 120 கிலோமீட்டர் போட்டுவிட்டார்கள். சைக்கிளே ஓட்டாத ஊர் என்று பெயர் வாங்கியிருந்த நகரத்தில் சில வருடங்களிலேயே சைக்கிள் பயணங்கள் பல மடங்கு கூடின. கோடு தோற்றது என்பதற்காகப் பாதையே தோற்றதாகச் சொல்லக் கூடாது என்பதை அதிகாரிகளிடம் செவிலைக் காட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: ஊர் முழுக்க எங்கெங்கே பாதை வேண்டும் என்று பெரிய வரைபடமே போட்டு வைத்திருக்கிறோம். இதை எப்படி முன்னெடுப்பது?

வரைபடத்தைப் பத்திரமாக வையுங்கள், கட்டாயம் தேவைப்படும். ஆனால் மனுவில் அதை முதலில் வைக்காதீர்கள். பெரிய திட்டத்தைப் பார்த்ததும் 'நிதி இல்லை' என்று மூடிவைப்பது சுலபம். தினமும் மக்கள் போய்வருகிற இரண்டு இடங்களை எடுங்கள், பள்ளியும் குடியிருப்பும், அல்லது நிலையமும் சந்தையும். நடுவே ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் இருந்தால் போதும். அந்த ஒரு நீளத்தை முழுசாகக் கேளுங்கள்.

முழுசாக என்றால் சந்திப்புகளையும் சேர்த்து. நேர்ச்சாலையில் அழகாகப் பாதை போட்டுவிட்டு, நாலு பக்கமும் வண்டி வருகிற முனையில் கைவிட்டுவிடுவது எங்கும் நடக்கிற தவறு. விபத்துக்கு அதிக வாய்ப்புள்ள இடமே அந்த முனைதான்.

அப்புறம் நான்கைந்து பேர் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்து பாருங்கள். சாலை எத்தனை மீட்டர் அகலம், எங்கே குறுகுகிறது, எங்கே தெருவிளக்கு எரிவதில்லை என்று எழுதுங்கள். ஒரு திசைப் பாதைக்கு 2 மீட்டர் இருந்தால் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகலாம், இரண்டு திசைக்கும் ஒரே பாதை என்றால் 3 மீட்டராவது வேண்டும். காலையும் மாலையும் ஒரே முனையில் நின்று ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சைக்கிள், அதில் எத்தனை பெண்கள், எத்தனை பிள்ளைகள் என்று எண்ணி வையுங்கள். நாளைக்குப் பாதை வந்த பிறகு அதே முனையில் மறுபடி எண்ணிக் காட்ட இந்தக் கணக்குதான் கைகொடுக்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் தவறவிடாதீர்கள்: மழைநீர் வடிகாலின் கம்பி மூடி. கம்பிகள் சாலையின் நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் அப்படியே இடுக்கில் இறங்கிவிடும். நானே ஒரு மழை நாளில் அப்படி விழுந்திருக்கிறேன். முன்சக்கரம் இறங்கி நின்றுவிட்டது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய்த் தரையில் கிடந்தேன், உள்ளங்கைத் தோல் ஆற மூன்று வாரம் ஆனது. மூடியைத் திருப்பிப் போட்டாலோ குறுக்கே நாலு கம்பி பற்றவைத்தாலோ தீர்கிற விஷயம் அது. பக்கத்தில் ஒரு செருப்பை வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள், இடைவெளி எவ்வளவு என்று பார்த்தவுடன் புரியும். இப்படி ஒரு சின்ன வேலை முடிந்தால் உங்கள் குழுவுக்கும் நம்பிக்கை வரும், அந்த அலுவலகத்தில் உங்களுக்கு முகமறிந்த ஒருவரும் கிடைப்பார்.

கேள்வி: நெதர்லாந்துக்காரர்கள் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தவர்கள், மற்ற ஊர்களுக்கு இதெல்லாம் சரிவராது என்கிறார் என் நண்பர். உண்மையா?

இல்லை. அங்கேயும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்கள் பெருகி, சைக்கிள் குறைந்துகொண்டேதான் வந்தது. 1971-ல் மட்டும் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கினார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று பொருள்படும் பெயரிலேயே ஓர் இயக்கம் 1972-ல் பிறந்தது. தெருவை மறித்துப் பிள்ளைகளை விளையாடவிட்டார்கள், விடாமல் கேட்டார்கள். 1973-ன் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. இன்று நாம் படத்தில் பார்த்து ஏங்குகிற பாதைகள் அப்படிக் கேட்டு வாங்கியவை.

கேள்வி: பாதை வந்தால் கடைக்கு முன்னால் வண்டி நிறுத்த முடியாது, வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் எதிர்க்கிறார்கள்.

அவர்கள் பயம் நியாயமானது, தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். மனு கொடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு கடையாக ஏறி இறங்குங்கள். சரக்கு எத்தனை மணிக்கு இறங்குகிறது, வயதானவர்கள் எங்கே வண்டியை விட்டு இறங்குகிறார்கள் என்று கேட்டு, அதற்கு இடம் விட்டே பாதையைத் திட்டமிடச் சொல்லுங்கள். நிரந்தரமாக வேண்டாம், சில மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று கேட்பது இன்னும் நல்லது. டொராண்டோவில் ப்ளூர் தெருவில் 2016-ல் அப்படித்தான் சோதனையாகப் பாதை போட்டார்கள். முன்னும் பின்னும் கணக்கெடுத்தபோது அந்தத் தெருவில் வாடிக்கையாளர் வருகையும் செலவும் கூடியிருந்தன, அடுத்த ஆண்டே பாதையை நிரந்தரமாக்கினார்கள். ஒரு கார் நிற்கிற இடத்தில் எட்டுப் பத்து சைக்கிள் நிறுத்தலாம் என்பதையும் கடைக்காரரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஞாயிறுதோறும் எல்லோரும் சேர்ந்து சைக்கிள் ஓட்டலாம் என்று ஆரம்பித்தோம். முதல் வாரம் நாற்பது பேர். ஐந்தாவது வாரம் ஏழு பேர், எல்லோரும் வேகமாக ஓட்டுகிற இளைஞர்கள். எங்கே தவறு?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. வேகம்தான் தவறு. முதல் வாரம் வந்து மூச்சு வாங்கிப் பின்தங்கியவர்கள் மறுவாரம் வரவில்லை, அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். வெட்கமாக இருக்கும்.

மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் போகமாட்டோம் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். முன்னால் ஒருவர் போகட்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. கடைசியில் ஒருவர், அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது, பம்பும் மாற்று டியூப்பும் அவரிடம் இருக்கட்டும். வேகமாக ஓட்டுகிற அந்த ஏழு பேருக்கு இந்தப் பொறுப்புகளைக் கொடுங்கள், அவர்களுக்கும் வேலை இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசி ஆள் வந்து சேரும்வரை நில்லுங்கள். அவர் வந்தவுடனே கிளம்பிவிடாதீர்கள், அதுதான் நிறையப் பேர் செய்கிற தவறு. முன்னால் வந்தவர்கள் இளைப்பாறி முடித்திருப்பார்கள், கஷ்டப்பட்டு வந்து சேர்ந்தவருக்கோ ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. அவர் தண்ணீர் குடித்து முடிக்கட்டும்.

போகப்போகிற வழியை முந்தின வாரம் அதே கிழமை, அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எதிரே வண்டி வரும்போது குறுக்கே திரும்பவேண்டிய இடங்கள் குறைவாக இருக்கட்டும். கிளம்புமுன் ஒவ்வொரு சைக்கிளிலும் காற்று, பிரேக், செயின் மூன்றையும் தொட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. தலையெண்ணி, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண் வாங்கிக்கொள்ளுங்கள். இருபது பேருக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.

நாற்பது பேர் ஏழானார்கள் என்று சோர்ந்துவிடாதீர்கள். மெதுவாகப் போகிற குழுவில் ஒரு அம்மாவும் மகளும் தொடர்ந்து நாலு வாரம் வந்தால் ஐந்தாவது வாரம் அவர்கள் பக்கத்து வீட்டையும் கூட்டிவருவார்கள், நான் இதைப் பார்த்திருக்கிறேன். பாதை வேண்டும் என்று மனு போடும்போது முதல் கையெழுத்துகள் இவர்களுடையதாகத்தான் இருக்கும், ஏனென்றால் எந்த முனையில் பயமாக இருந்தது என்று இவர்களுக்கு உடம்பிலேயே தெரியும்.

முடிந்தால் ஒரு சாலையை ஞாயிறு காலை மட்டும் வண்டிகளுக்கு மூடித் தரச் சொல்லிக் கேளுங்கள். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974 டிசம்பரில் இப்படி ஆரம்பித்தது, இன்று ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் 120 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான். கட்டுமானச் செலவே இல்லை, தடுப்பும் தன்னார்வலர்களும் போதும்.

கேள்வி: பிள்ளைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போக ஆசைப்படுகிறார்கள். பாதை வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பார்சிலோனாவில் 2021 முதல் 'பிசிபுஸ்' என்று ஒன்று பிரபலமானது, சைக்கிள் பேருந்து என்று வைத்துக்கொள்ளலாம். குறித்த நேரத்தில் குறித்த வழியில் பெரியவர்கள் முன்னும் பின்னும் வர, நடுவே பிள்ளைகள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள். வாரத்தில் ஒரே நாள், ஒரே வழி என்று ஆரம்பியுங்கள். ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது இருக்கட்டும்.

கேள்வி: ஹெல்மெட் கட்டாயமாக்கலாமா?

உங்கள் குழு ஓட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்குங்கள். பெரியவர்களுக்குச் சட்டம் என்ன சொல்கிறதோ அதன்படி. ஆனால் ஹெல்மெட் பேச்சிலேயே கூட்டம் முடிந்துவிடக் கூடாது, பாதைக் கோரிக்கை அதில் அமுங்கிப்போகும்.

கேள்வி: எனக்கு நாற்பத்தெட்டு வயது. சைக்கிள் ஓட்டத் தெரியாது. இவர்களோடு சேர ஆசையாக இருக்கிறது, விழுந்தால் என்ன செய்வது என்று தயக்கமாகவும் இருக்கிறது.

அம்மா, கட்டாயம் கற்றுக்கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட கிராமத்துப் பெண்கள் பல்லாயிரம் பேர். கற்றுக்கொண்டவர்கள் அடுத்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் பகுதிக் குழுவும் மாதம் ஒரு காலை இதற்காக ஒதுக்கலாம்.

பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டாம். இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படுகிற அளவுக்குச் சீட்டை இறக்குங்கள். கூட்டமில்லாத, லேசான சரிவுள்ள இடத்தில் காலால் உந்தி உந்திப் போங்கள். பார்வை சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்தடி தூரத்தில் இருக்கட்டும். விழப்போவது போல் இருந்தால் காலை ஊன்றினால் போதும், அதனால் பயம் தானாகக் குறையும். இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு நாலைந்து வினாடி போக முடிந்தால் பெடலை மாட்டலாம். பெரும்பாலானவர்களுக்கு இதற்கு இரண்டு மூன்று காலை போதும்.

மாட்டும்போது மட்டும் கவனம். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும். ஸ்பேனரின் பிடி மேல்பக்கம் இருக்கும்படி வைத்து முன்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் இரண்டு பெடலும் இறுகும், பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் கழலும். முதலில் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றி நேராக ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.