கணினித் துறையில் இருக்கும் நீங்கள் நாடி ஜோதிடத்தை நம்புகிறீர்களா? அங்கே கைரேகை கொடுப்பது ஆபத்தா?

நம்பவில்லை. ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை அதிகம் உறுத்துகிறது. நான் மயிலாடுதுறைக்காரன்; தரவுத்தளங்களை வடிவமைப்பது என் தொழில். வைத்தீஸ்வரன்கோயில் எங்களுக்குப் பக்கத்து ஊர் என்பதால், வெளியூர் உறவினர் யார் வந்தாலும் நாடி பார்க்க அழைத்துப் போகும் பொறுப்பு என் தலையில்தான் விழும்.

அங்கே நடப்பதைச் சொல்கிறேன். ஆண்களிடம் வலது பெருவிரல் ரேகையையும் பெண்களிடம் இடது பெருவிரல் ரேகையையும் ஒரு தாளில் பதித்து வாங்கிக்கொள்கிறார்கள். சற்று நேரத்தில், நம் வாழ்க்கையை முனிவர்கள் முன்பே எழுதிவைத்ததாகச் சொல்லப்படும் ஓர் ஓலைக்கட்டு வருகிறது. என் பெரியப்பாவுடன் போயிருந்தபோது, படிப்பவர் ஓர் ஓலையைப் புரட்டி, "தகப்பனார் பெயர் சிவன் பெயருங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க, பெருமாள் பேரு" என்றார் பெரியப்பா. "உடன்பிறந்தவங்க மூணு பேரா?" என்ற அடுத்த கேள்விக்கு, "நாலு பேரு, ஒருத்தர் தவறிட்டாருங்க" என்று பதில் வந்தது. 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் சொன்னால் போதும் என்று முன்கூட்டியே அறிவுறுத்தியிருந்தார்கள்; அப்படியிருந்தும் ஒவ்வொரு 'இல்லை'யோடும் அவர் ஒரு விவரத்தைச் சேர்த்தே கொடுத்தார். அரை மணி நேரம் கழித்து அதே விவரங்கள் செய்யுள் நடையில் ராகத்தோடு திரும்பி வந்தபோது, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

'ஆம், இல்லை' என்பதன் ஆற்றலைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நன்றாக அமைந்த ஒரு கேள்வி தேடும் பரப்பைப் பாதியாக்கும். பத்துக் கேள்விகளில் 1,024 பேரிலிருந்து ஒருவரையும், இருபது கேள்விகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிலிருந்து ஒருவரையும் பிரித்தெடுத்துவிடலாம். உலக மக்கள்தொகை முழுவதற்குமே 33 கேள்விகள் போதும். கணக்கு 859 கோடி வரை போகிறது. கைரேகையை வகைப்படுத்தும் முறைகூட இந்த வழியில் அமைந்ததுதான். 1897-ல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்ட காலத்தில், வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இருவரும் உழைத்து உருவாக்கிய முறையில், பத்து விரல்களில் எவற்றில் சுழி இருக்கிறது என்பதைப் பொறுத்து 1,024 பிரிவுகள் கிடைத்தன. (முறைக்குப் பெயர் அமைந்தது என்னவோ ஹென்றியின் பெயர்தான்.) அதற்கே பத்து விரல்கள் வேண்டியிருந்தன. ஒற்றைப் பெருவிரலைக் கொண்டு ஓலையைத் தேடுவதாகச் சொல்லும் இடத்தில், மீதித் தேடலை நம் வாயே செய்து கொடுத்துவிடுகிறது. ஒரு கேள்வியும் கேட்காமல் பெயரைப் படித்துக் காட்டுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டதற்குக் கிடைத்த பதில், ஓலை அப்படி வராது என்பதுதான்.

குணநலன் பலன்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்து, தனித்தனியாக எழுதியது போலக் காட்டினார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26.

இதைக் கேட்டுச் சிரிக்கும் இளைஞர்களிடம் எனக்கு வேறொரு வழக்கு உண்டு. வீட்டில் கொலுசு வாங்குவது பற்றிப் பேசினோம், உடனே கைபேசியில் கொலுசு விளம்பரம் வந்தது, ஆகவே அது ஒட்டுக் கேட்கிறது என்று உறுதியாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 17,000-க்கும் மேற்பட்ட ஆண்ட்ராய்டு செயலிகளை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்ட முடிவில், ரகசியமாகப் பேச்சைப் பதிவு செய்து அனுப்பிய செயலி ஒன்றும் அகப்படவில்லை. திரையில் நடப்பதைப் படம்பிடித்து வெளியாருக்கு அனுப்பிய சில செயலிகளே அகப்பட்டன. ஒட்டுக் கேட்கும் தேவை பெரும்பாலும் எழுவதே இல்லை. எந்த நகைக்கடை வாசலில் எவ்வளவு நேரம் நின்றோம், எதைத் தேடினோம், யாரோடு ஒரே வைஃபையில் இருக்கிறோம் என்பதெல்லாம் நாமே அனுமதி கொடுத்துப் போய்ச் சேர்ந்தவை. பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு ஆகிய மூன்றே போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காண முடியும் என்று கணினி அறிவியலாளர் லதான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டார். பெரியப்பாவும் இந்த இளைஞர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: சொல்லிக் கொடுத்ததை மறந்துவிட்டு, எதிரில் இருப்பதற்கு அதிசய சக்தி இருப்பதாக எண்ணுகிறார்கள்.

கடவுள் நம்பிக்கையை இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். பெரியப்பா அன்று காலை தையல்நாயகி சன்னதியில் நின்றபோது யாரும் அவரிடம் எதையும் விசாரிக்கவில்லை. அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள்தான். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றால் அதற்கும் மறுப்பில்லை. பெயர் சொல்லாமலே சேவை பெற இப்படியொரு வழியை எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை.

இனி கைரேகை. கடவுச்சொல் வெளியே போனால் மாற்றிக்கொள்ளலாம். பெருவிரலை மாற்ற முடியாது. 2018-ல் தெலங்கானாவில், பதிவுத் துறை இணையதளத்தில் கிடைத்த நில ஆவணங்களின் ரேகைகளைக் கொண்டு போலி ரேகை செய்து சிம் கார்டுகளை இயக்கிய ஒருவர் கைதானார். ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வசதி ஊர் ஊராக வந்துவிட்ட காலம் இது. நாடி நிலையங்கள் அப்படிச் செய்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் தாள் பிறகு எங்கே போகிறது என்று கேட்பவர் யாருமில்லை என்றே சொல்கிறேன். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மின்னணு வடிவில் உள்ள தரவுகளுக்கே பொருந்தும் என்பதால், கணினியில் ஏற்றப்படாத ஒரு தாள் அதன் வரம்புக்குள் வராது.

உண்மையில் இதைவிட எனக்கு அச்சம் தருவது ஜெராக்ஸ் கடை. சம்பா பயிர்க் காப்பீட்டுக் காலத்தில் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் கடைக்காரருக்கு அனுப்பி அச்செடுக்கிறோம். ஒருமுறை என் கோப்பைத் தேடியவர் திரையை என் பக்கம் திருப்ப, முன்னால் வந்து போன விவசாயிகளின் அட்டைகள் புகைப்படத்தோடு வரிசையாகத் தெரிந்தன. அழித்துவிடச் சொன்னால், "அடுத்த வருஷமும் வேணும்ல சார்?" என்கிறார். அவர் நல்ல மனிதர். அந்தக் கணினிக்குக் கடவுச்சொல் கிடையாது.

வீட்டுப் பெரியவர்கள் நாடி பார்த்தே ஆகவேண்டும் என்றால் தடுக்காதீர்கள், அழைத்துப் போங்கள். கிளம்பும் முன் ஆதாரின் அதிகாரபூர்வச் செயலியில் அவர்களது கைரேகை, கருவிழி போன்ற உடற்கூறு அடையாளங்களைப் பூட்டிவிடுங்கள்; பூட்டிய பின் ஆதார் வழியாக ரேகை வைத்துப் பணம் எடுக்க முடியாது. ரேகைத் தாளைத் திருப்பிக் கேளுங்கள். ஆதார் நகல் கேட்டால் கொடுக்காதீர்கள். ரேஷன் கடைக்குப் போகும் நாளில் மட்டும் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டியிருக்கும்.