மறுகால் ஓடையை ஒட்டி மனைப்பிரிவு: ஊர்மக்கள் எங்கே, எப்போது தலையிடலாம்?

கேள்வி: பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஓர் ஊராட்சியில் குடியிருக்கிறோம். ஊருக்கு மேற்கே, குளம் நிரம்பினால் மிகுதித் தண்ணீர் வெளியேறும் மறுகால் ஓடையை ஒட்டி 12 ஏக்கரில் வீட்டுமனை போடப் போகிறார்களாம். உடைமரங்களை வெட்டிவிட்டு மண் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஓடையும் அடைபட்டால் என்ன ஆவோம்? மறியல் செய்யலாம் என்கிறார்கள் இளைஞர்கள், பெரியவர்கள் தயங்குகிறார்கள். சட்டப்படி என்ன செய்யலாம்? – ஓய்வு பெற்ற ஆசிரியை, பாளையங்கோட்டை வட்டம்.

பதில்: அம்மா, நான் நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது ‘மறுகால்’ என்ற சொல். பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் வழிநெடுகக் குளங்களை நிரப்பிக்கொண்டு வருகிறது. ஒரு குளம் பெருகினால் அதன் மறுகால் அடுத்த குளத்துக்கோ ஓடைக்கோ போக வேண்டும். நடுவில் ஓர் ஓடை தூர்ந்தால் தண்ணீர் வேறு வழி தேடும். அந்த வழி பெரும்பாலும் யாருடைய வீட்டு வாசலாகவோதான் இருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் கொக்கிரகுளத்தில் உள்ள ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததை நாம் கண்ணால் பார்த்தோம். உங்கள் பயத்துக்கு முழு நியாயம் இருக்கிறது.

கசப்பான உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டுமனைப் பிரிவுக்கு அனுமதி கொடுக்கும் முன் ஊர்மக்களை அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டடம் எழுப்பினால் 2006 ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன் அனுமதி வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அந்த அறிவிக்கையே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகவே யாரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. நீங்களாகத்தான் போக வேண்டும். அதுவும் மனைப்பிரிவு வரைபடம் தாளில் இருக்கும்போதே போக வேண்டும். கல் ஊன்றி, பத்திரம் பதிந்து, பாதிப் பேர் வீடு கட்டிய பிறகு வருகிற மனுவுக்கு எந்த அதிகாரியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது, உங்கள் கோரிக்கை என்ன என்பது. ‘லேஅவுட்டே வேண்டாம்’ என்று மனு எழுதினால், பட்டா நிலம், உரிமையாளர் விருப்பம் என்ற ஒரு வரிப் பதிலோடு கோப்பு மூடப்படலாம். ‘இந்த சர்வே எண் வழியாக இந்த ஓடை போகிறது, இதன் அகலம் குறையக்கூடாது’ என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் வரைபடத்தை விரித்து வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

அதற்கு முதலில் ஆவணம் சேர்க்க வேண்டும். அந்த 12 ஏக்கரில் அடங்கும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படமும் (நிலத்தின் எல்லையும் அளவும் காட்டும் வரைபடம்) ‘அ’ பதிவேட்டு நகலும் (நிலத்தின் வகையும் உரிமையாளரும் உள்ள பதிவேடு) எடுங்கள். இரண்டும் வருவாய்த் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். ஓடை தனி உட்பிரிவாகப் பிரிந்து, பதிவேட்டில் ‘ஓடைப் புறம்போக்கு’ என்று இருந்தால் உங்கள் கை ஓங்கி நிற்கிறது. பல இடங்களில் ஓடை பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். தனி எண் இருக்காது. நான் அளந்த காலத்தில் தொலைந்துபோன ஓடைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். மண்ணில் இருக்கும், காகிதத்தில் இருக்காது. அப்படியானால் நிலப் பதிவுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பழைய புலப்படத்தையும் செட்டில்மென்ட் (நிலவரித் திட்டம்) பதிவேட்டையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பழைய படத்தில் ஓடைக் கோடு இருந்து புதிய படத்தில் இல்லாமல் போயிருந்தால் அதைவிட வலுவான சான்று கிடையாது.

காகிதத்தில் எதுவுமே கிடைக்காவிட்டாலும் ஊரில் நினைவு இருக்கிறது. பிசான நெல் பருவத்தில் நாற்று நட்டு வயதான பெண்களையும், மடை திறந்து பழகியவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அழைத்துக்கொண்டு மிகுதித் தண்ணீர் வழியும் குளத்துக் கலுங்கிலிருந்து நடந்து வாருங்கள். தண்ணீர் எங்கே திரும்பும், எங்கே தேங்கும் என்று அவர்கள் காட்டுகிற இடத்தையெல்லாம் புலப்பட நகலில் குறியுங்கள். வெள்ளம் நின்ற சுவர்க் கறையை அளவுநாடா வைத்துப் படம் எடுங்கள். வீட்டுக்காரர் கையெழுத்தும் வாங்குங்கள். இப்போது மண் அடிப்பதையும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

பிறகு மனு. ஒரே மனுவை நான்கு இடங்களில் கொடுங்கள்: மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகம், நீர்வளத் துறையின் தாமிரபரணி வடிநிலக் கோட்டம், ஊராட்சித் தலைவர், திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர். இவற்றில் நீர்வளத் துறையைத்தான் நான் பெரிதாக நம்புவேன். நீர்நிலையை ஒட்டிய இடம் என்றால் அந்தத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படும். அதைத் தரும் பொறியாளர் நேரில் வந்து பார்க்கும் நாளில் நீங்களும் ஓடைக்கரையில் நிற்க வேண்டும். நிலம் நஞ்சையாக இருந்தால் வகை மாற்றத்துக்கு ஆட்சியரின் இசைவு தேவை. கிராம நிர்வாக அலுவலரின் பயிர்க் கணக்கான அடங்கலில் அண்மை ஆண்டுகளில் நெல் பதிவாகியிருந்தால் அந்த நகலையும் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு மனுவுக்கும் முத்திரையிட்ட ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. அதன் தீர்மானம் நகர் ஊரமைப்புத் துறையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் கோப்பில் ஏறிய பின் அதை ஒதுக்கித் தள்ளுவது கடினம். தொழில்நுட்ப ஒப்புதலுக்குப் பின் இறுதி அனுமதியில் கையெழுத்திட வேண்டியதும் உள்ளாட்சிதான். தீர்மான வாசகத்தை நீங்களே எழுதி எடுத்துப்போங்கள், சர்வே எண் உட்பட.

என்ன கேட்கலாம்? மூன்று கோரிக்கைகள் போதும். ஓடையைச் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் அனுமதி தர வேண்டும். மனைப்பிரிவுச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்தில் சின்னக் குழாய் பதிக்காமல், வெள்ளத்தைத் தாங்கும் பெட்டிப் பாலம் கட்ட வேண்டும். மூன்றாவது, பலர் யோசிக்காதது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைப் பூங்காவுக்காக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக்கொடுக்க வேண்டும். பணமாகக் கட்டித் தப்ப முடியாது. 12 ஏக்கரில் சாலைக்கு 3 ஏக்கர் போனால் 90 சென்ட் வரும். அந்த 90 சென்ட்டையும் ஓடையை ஒட்டிய தாழ்வான பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். பெருமழையில் தண்ணீர் பரவ இடம் கிடைக்கும். மற்ற நாளில் பிள்ளைகள் விளையாடுவார்கள். மனை போடுகிறவருக்கும் இதில் நட்டம் இல்லை, தாழ்வான மனைக்கு விலை குறைவுதானே. ஒன்றில் மட்டும் கண்ணாக இருங்கள்: ஓடை நிலத்தையே பூங்காக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

மனை போடுகிறவரிடம் நேரில் பேசத் தயங்க வேண்டாம். ஆனால் தனியாளாக யாரும் போகக் கூடாது. ஐந்து பேர் போய், பேசியதை நோட்டில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒருவரைத் தனியே அழைத்துச் சமாதானம் பேசி, அவர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்ட கதைகள் இந்த மாவட்டத்தில் நிறைய உண்டு. ஏழு பேர் சேர்ந்தால் 1975 ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் நலச்சங்கம் பதியலாம். அதைவிட முக்கியமானதாக நான் நினைப்பது, எல்லாத் தெருவும் அதில் இருக்க வேண்டும் என்பது. நம் ஊர்களில் தெரு என்றால் சாதி என்று ஆகிவிட்டது. ஒரு தெருவின் கையெழுத்து மட்டும் உள்ள மனுவை ‘உள்ளூர்த் தகராறு’ என்று ஒதுக்கிவிடுவார்கள். வெள்ளம் முதலில் நுழைவது தாழ்ந்த பகுதியில் இருக்கும் தெருவில்தான். அந்த மக்கள் நிர்வாகக் குழுவில் முன்வரிசையில் இருக்கட்டும்.

மனை வாங்க வருகிறவர்களை எதிரிகளாக நினைக்காதீர்கள். பணிக்கொடைப் பணத்தையும் வளைகுடாவில் உழைத்த காசையும் போடுகிறவர்கள் அவர்கள். நாளைக்குத் தண்ணீருக்குள் நிற்கப்போவதும் அவர்கள் வீடுதான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யவோ முன்பணம் வாங்கவோ கூடாது. பதிவு எண் இல்லாத நோட்டீஸ் கையில் கிடைத்தால் ஆணையத்துக்கு அனுப்புங்கள்.

மறியல் வேண்டாம் என்பது என் கருத்து. காவலர் தேர்வுக்குப் படிக்கும் பையன்மீது ஒரு வழக்குப் பதிவானால் அவன் வாழ்க்கையே தடம் மாறிவிடும். மனுக்கள் பலிக்காவிட்டால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது. சென்னையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. தீர்ப்பாயத்துக்குப் பிரச்சினை எழுந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் மண் அடிக்கத் தொடங்கிய தேதியை இன்றே எழுதி வையுங்கள். எங்கே போனாலும் ‘முதலில் யாரிடம் மனு கொடுத்தீர்கள்’ என்றுதான் கேட்பார்கள். அங்கேதான் ஒப்புகைச் சீட்டுகள் பேசும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு. மனுதாரராக நீங்களே நிற்கலாம்.

அனுமதி வந்தாலும் வேலை முடிந்துவிடாது. அனுமதி வரைபடத்தின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாலத்துக்குக் குழி தோண்டும் நாளில் அதையும் அளவுநாடாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். அகலம் ஓர் அடி குறைந்திருந்தாலும் கான்கிரீட் போடுவதற்கு முன்பே ஊராட்சிக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.