பாலினச் சமத்துவம்: எந்தப் பிரிவில் கை வைப்பது?

கேள்வி: சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு உதவியாளராக இருக்கிறேன். பாலினச் சமத்துவத்துக்காக அவர் தனிநபர் மசோதா (அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா) கொண்டுவர விரும்புகிறார். ஒரே பெரிய சட்டமாகக் கேட்பதா, இருக்கிற சட்டங்களைத் திருத்தச் சொல்வதா?

பதில்: திருத்தத்திலிருந்து தொடங்குங்கள். 'ஆணும் பெண்ணும் சமம்' என்ற வரியை எதிர்த்து அவையில் யாரும் எழ மாட்டார்கள். சொத்து, மணமுறிவு, பிள்ளைகளின் காப்பாளர் உரிமை என்று பிரிவு பிரிவாக வரும்போதுதான் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

முதலில் ஓர் அட்டவணை போடுங்கள்: பிரிவு எண், இப்போதைய வாசகம், அதனால் பாதிக்கப்படுபவர், நீங்கள் முன்மொழியும் வாசகம். சட்டத்தோடு நிற்காமல் விதிகள், அரசாணைகள், விண்ணப்பப் படிவங்கள் வரை பாருங்கள். தாயும் காப்பாளர் என்று சட்டம் சொன்ன பிறகும் படிவத்தில் 'தந்தையின் கையொப்பம்' என்ற கட்டம் மட்டுமே இருந்தால், கவுன்ட்டரிலேயே விண்ணப்பம் திரும்பிவிடும்.

அடுத்தது விதிவிலக்குகள். பெரும்பாலான சீர்திருத்தங்கள் தோற்பது இங்கேதான். மொராக்கோவின் 2004 குடும்பச் சட்டம் திருமண வயதை 18 ஆக்கியது. அடுத்த பிரிவிலேயே நீதிபதி அனுமதித்தால் அதற்குக் கீழும் மணக்கலாம் என்றது, குறைந்தபட்ச வயதைக்கூடச் சொல்லவில்லை. சிறுமிகளின் திருமணம் அந்த வழியாகவே தொடர்ந்தது. லெபனான், வல்லுறவு செய்தவன் அந்தப் பெண்ணையே மணந்தால் தண்டனையிலிருந்து தப்பவிட்ட 522ஆம் பிரிவை 2017ல் நீக்கியது. ஆனால் 505, 518ஆம் பிரிவுகளில் அதே சலுகை ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிரிவை நீக்கும்போது, அதே பொருளைப் பேசும் மற்றப் பிரிவுகளையும் தேடிப் பிடியுங்கள்.

அமலாகும் தேதியையும் பழைய நிகழ்வுகளுக்குச் சட்டம் பொருந்துமா என்பதையும் எழுத்தில் வையுங்கள். இந்தியாவில் மகள்களுக்கு இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்த 2005 திருத்தத்தில், அது அமலான நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்பது தெளிவாக இல்லை. தேவையில்லை என்று 2020ல் உச்ச நீதிமன்றம் முடிவுகட்டும்வரை முரணான தீர்ப்புகளுக்கிடையே பெண்கள்தான் அலைந்தார்கள்.

கேள்வி: தனிநபர் மசோதா விவாதத்துக்கே வராது என்கிறார்களே?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். அதனால் மற்றக் கட்சி உறுப்பினர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள்; கேள்வி நேரத்தில் துறையிடம் எண்ணிக்கை கேளுங்கள்; செலவு மதிப்பீட்டையும் மசோதாவோடு இணையுங்கள், பணம் ஒதுக்காத சட்டத்தை நடைமுறைப்படுத்த ஆளிருக்காது. நாளை அரசே இதைத் தன் மசோதாவாக எடுத்துக்கொண்டால், பெயருக்காக மல்லுக்கட்ட வேண்டாம். பிரிவுகள் நீர்த்துப்போகாமல் இருக்கின்றனவா என்று உங்கள் அட்டவணையை வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.