இடக்காலைப் பழக்கியவருக்கு

கேள்வி: எங்கள் சிறுவர் கால்பந்து அணிக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, சம்பளம் எதுவும் வாங்காமல் பயிற்சி அளித்த ஆசான் சென்ற மாதம் காலமாகிவிட்டார். அவர் பெயரில் சுழற்கோப்பைப் போட்டி நடத்தலாம் என்று சிலரும், மைதானத்தில் சிலை வைக்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். "இடக்காலால் உதைக்கத் தெரியாதவன் பாதி ஆட்டக்காரன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதருக்கு எது பொருத்தமான நினைவாக இருக்கும்?

பதில்: உங்கள் ஆசானின் மறைவுக்கு என் ஆழ்ந்த இரங்கல். நீங்கள் தேடும் விடை, நீங்களே எடுத்து எழுதியிருக்கும் அவருடைய வாக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தியக் கால்பந்து அணி 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றபோதும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றபோதும் அதற்குப் பயிற்சியாளராக இருந்தவர் சையது அப்துல் ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்த அவர், பலம் குறைந்த காலால் மட்டுமே ஆட வேண்டும் என்றும், பந்தைத் தட்டிக்கொண்டே ஓடாமல் பாஸ் கொடுத்துவிட வேண்டும் என்றும் விதி வைத்து இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தியவர். கற்றுக்கொடுக்க நினைத்ததைப் போட்டியின் விதியாகவே ஆக்கிவிட்டதால், அவர் வாய் திறந்து சொல்லாததையும் ஆட்டக்காரர்கள் தம் காலால் கற்றுக்கொண்டார்கள்.

நீங்களும் இதையே செய்யலாம். சுழற்கோப்பைப் போட்டியை நடத்துங்கள்; ஆனால் ஒவ்வொரு ஆட்டத்தின் முதல் பாதியிலும், பழகிய காலால் அடிக்கும் கோல் கணக்கில் சேராது என்று விதி வையுங்கள். யாருக்கு எது பழகிய கால் என்று நடுவருக்குத் தெரியாதே என்ற கேள்வி எழும். அந்தக் காலின் காலுறைமேல் ஒரு வண்ண நாடாவைக் கட்டிவிட்டால் போதும். ஆசானை ஒருமுறைகூடப் பார்த்திராத சிறுவன், பத்து ஆண்டுகள் கழித்து அந்த நாடாவைக் கட்டிக்கொள்ளும்போது ஏன் என்று கேட்பான். அப்போது அவரைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். சிலைக்கு ஆகும் பணத்தில் எத்தனை பந்துகளும் காலணிகளும் வாங்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

பெயர் சூட்டுவதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உக்ரைனின் புகழ்பெற்ற பயிற்சியாளர் வலேரி லோபனோவ்ஸ்கி 2002-இல் காலமானபோது, கீவ் நகரிலுள்ள டைனமோ அணியின் மைதானத்துக்கு அந்த ஆண்டே அவர் பெயரைச் சூட்டினார்கள். ஆனால் அதைவிட என் மனத்தில் நிற்பது வேறொன்று. 2003 மே மாதம் ஐரோப்பிய அணிகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் கடைசிப் பெனால்டியை அடித்து இத்தாலியின் ஏசி மிலான் அணியை வெற்றிபெறச் செய்தவர், லோபனோவ்ஸ்கியிடம் பயின்ற ஆந்திரி ஷெவ்சென்கோ. அவர் தம் பதக்கத்தை எடுத்துக்கொண்டு கீவுக்குப் போய் அந்த ஆசானின் கல்லறையில் வைத்தார். மாணவன் வந்து நிற்பதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறென்ன சிறப்பு வேண்டும்?

கேள்வி: எங்கள் பயிற்சியாளருக்கு நினைவு மலர் தயாரிக்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் பெரிய கோப்பை எதையும் வென்றவர் அல்லர். வாழ்க்கைக் குறிப்பில் எதை எழுதுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கிறேன்.

பதில்: கோப்பைகளை விட்டுவிடுங்கள். "தன்னலமற்றவர்", "எளிமையின் சிகரம்" போன்ற சொற்களையும் கூடிய மட்டும் தவிர்த்துவிடுங்கள். அவை யாருக்கும் பொருந்தும் என்பதாலேயே அவரைக் காட்டாமல் போய்விடும்.

எனக்குப் பயிற்சி அளித்தவரை நினைத்தால் முதலில் கண்முன் வருவது அவர் பந்துக்குக் காற்றடிக்கும் காட்சிதான். வால்வு கிழிந்துவிடாமல் இருக்க ஊசியை நாவில் ஈரப்படுத்திச் செருகுவார். காற்று நிறைந்ததும் இரு கட்டைவிரல்களாலும் பந்தை அழுத்திப் பார்ப்பார். பிறகு அதை அணியிலேயே சிறிய பையனிடம் கொடுத்து, "சரியா இருக்கா, பாரு" என்று கேட்பார். அவன் தலையசைத்த பிறகே பயிற்சி தொடங்கும். அந்தச் சிறிய பையனாக நான் ஓராண்டு இருந்திருக்கிறேன். என் கருத்தை மதித்துக் கேட்ட முதல் பெரியவர் அவர்தான் என்பது வெகு காலம் கழித்தே எனக்குப் புரிந்தது.

இப்படிப்பட்டவற்றைத் திரட்டுங்கள். நட்சத்திர ஆட்டக்காரர்களிடம் மட்டும் கேட்காமல், பருவம் முழுவதும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவர்களிடமும், முக்கியமான ஆட்டத்தில் கோல் விட்ட கோல்கீப்பரிடமும் கேளுங்கள். தோற்றவனோடு அவர் எப்படிப் பேசினார் என்பதில்தான் ஒரு பயிற்சியாளர் முழுமையாக வெளிப்படுகிறார். அவர் எடுத்த ஒரு முடிவை விரிவாக எழுதுவதும் நல்லது. 1962 ஜகார்த்தா போட்டிகளின்போது தலையில் அடிபட்டுத் தையல் போடப்பட்டிருந்த தற்காப்பு வீரர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்கள வீரராக இறக்கினார். தென் கொரியாவை 2–1 என்று வென்ற இறுதியாட்டத்தில் இந்தியாவின் இரண்டு கோல்களில் ஒன்றை அவரே அடித்தார். அப்போதே புற்றுநோயால் அவதிப்பட்டுக்கொண்டிருந்த ரஹீம் அடுத்த ஆண்டு ஜூன் மாதம் மறைந்தார். இந்த ஒரு முடிவு அவரைப் பற்றிச் சொல்வதைப் பத்துப் புகழுரைகள் சொல்லிவிடாது.

அவர் கோபக்காரராக இருந்திருந்தால் அதையும் எழுதுங்கள். அவரிடம் திட்டு வாங்கியவர்களே அதை அன்போடு சொல்வார்கள். ஆண்டுகளையும் ஊழிய விவரங்களையும் குடும்பத்தாரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பழைய குழுப் படங்களில் இருப்பவர்களின் பெயர்களை, அவர்களை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருக்கும்போதே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி: பயிற்சியாளர் மறைந்தபின் நடக்கும் முதல் ஆட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்த விரும்புகிறோம். முறை என்ன?

பதில்: போட்டி அமைப்பாளரிடமும் நடுவரிடமும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரு அணியினரும் நடுவட்டத்தைச் சுற்றி நிற்க, நடுவரின் விசிலோடு மௌனம் தொடங்கி அவர் விசிலோடு முடிவது வழக்கம். கறுப்புப் பட்டை அணிவதானால், அணித்தலைவரின் கைப்பட்டையை அது மறைக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மௌனத்துக்குப் பதிலாக ஒரு நிமிடம் கைதட்டும் வழக்கமும் பல நாடுகளில் இருக்கிறது. சிறுவர்கள் நிறைந்த அணிக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். எதைத் தேர்ந்தெடுத்தாலும், ஏன் நிற்கிறோம் என்பதைக் குழந்தைகளுக்கு முதல்நாளே சொல்லிவிடுங்கள். அழுகிற பிள்ளையை உடனே ஆட இறக்காமல், கொஞ்ச நேரம் உங்கள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.